2 இன்ச் உயர்த்திய பிறகு 80க்கு மேல் தரை அதிர்கிறது: டயரா, ஷாஃப்டா?

கேள்வி (பாயான் லெப்பாஸ், பினாங்கு)

வணக்கம். எங்கள் வண்டி ஹைலக்ஸ் டபுள் கேப், ஃபோர் வீல், ஆட்டோ கியர். பாலிக் புலாவில் அப்பா குத்தகைக்கு எடுத்திருக்கும் டுரியான் தோட்டத்துக்குப் போய்வரத்தான் வைத்திருக்கிறோம். மழை பெய்தால் தோட்டத்து மண் பாதையில் வண்டியின் அடிப்பாகம் இடிக்கிறது என்று போன மாதம் 2 இன்ச் உயர்த்தினோம். முன்னால் ஸ்டிரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தாங்கி) மேல் ஸ்பேசர் வைத்தார்கள், பின்னால் ஸ்பிரிங்கின் பின்முனையைச் சட்டத்தோடு இணைக்கும் ஷாக்கிளை நீளமாகப் போட்டார்கள். டயரும் 265/65 ஆர்17 போய் 265/70 ஆர்17 ஆகிவிட்டது.

அன்றிலிருந்து நிம்மதி இல்லை. 80ஐத் தாண்டினால் தரையும் சீட்டும் அதிர்கின்றன, 90இல் உச்சம். ஸ்டியரிங் அமைதியாகவே இருக்கிறது. உயர்த்தித் தந்த ஒர்க்‌ஷாப்பில் கேட்டால் டயர் பேலன்ஸ் என்கிறார்கள். இரண்டு முறை பேலன்ஸ் பண்ணிவிட்டேன், ஒரு மாற்றமும் இல்லை. அப்பாவுக்கு இடுப்பு வலி உண்டு, பக்கத்து சீட்டில் அவர் முகம் சுளிப்பதைப் பார்க்க முடியவில்லை. இன்னொரு விஷயம், பின்னால் கூடைகள் ஏற்றி வரும்போது அதிர்வு குறைகிறது. இதற்கு ஏதாவது அர்த்தம் உண்டா?

பதில் (ஜார்ஜ் டவுன்)

டயரை அவ்வளவு சீக்கிரம் விடாதீர்கள். பேலன்ஸ் சரியாக இருந்தாலும் டயர் வட்டமாக இல்லாமல் இருக்கலாம், ரிம் வளைந்திருக்கலாம். பின் டயர் இரண்டையும் முன்னால் போட்டு ஓட்டிப் பாருங்கள். அதிர்வு ஸ்டியரிங்குக்கு வந்தால் டயர்தான். செலவே இல்லாத சோதனை.

பதில் (பட்டர்வொர்த், ஃபோர் வீல் வண்டி வேலை)

தம்பி, அர்த்தம் இல்லாமல் என்ன, நீங்கள் கடைசியில் எழுதிய வரிதான் எனக்கு முக்கியம். டயர் கோளாறு சுமை ஏற்றினால் குறையாது. சுமை ஏறினால் பின் ஸ்பிரிங் அமுங்கும், ஷாஃப்டின் (பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளக் குழாய்) சாய்வு குறையும். அதோடு அதிர்வும் குறைகிறது என்றால் ஷாஃப்டின் கோணம்தான் என் முதல் சந்தேகம்.

வேகக் கணக்கும் அதையே சொல்கிறது. உங்கள் டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.5 மீட்டர் போகும். 90 கிலோமீட்டரில் நொடிக்கு ஏறக்குறைய 10 சுற்று. டிஃப் விகிதம் (பின் ஆக்சில் கியர் பெட்டியில், சக்கரம் ஒரு முறை சுற்ற ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றும் என்பது) 3.9 அளவு என்று வைத்துக்கொண்டால் ஷாஃப்ட் நொடிக்கு 39 சுற்று. யூ-ஜாயிண்ட் (ஷாஃப்டைச் சாய்வாகச் சுற்றவிடும் மூட்டு) கோணக் கோளாறு ஒரு சுற்றுக்கு இரண்டு முறை உதைக்கும், அதாவது நொடிக்கு 78 தடவை. டயர் என்றால் உடம்பு குலுங்குவது போல இருக்கும். ஜாயிண்ட் என்றால் பாதத்தில் ரீங்காரம், கேபினுக்குள் 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம். உங்களுக்கு எது?

இன்னொன்றும் பாருங்கள். காலியான நெடுஞ்சாலையில் 90இல் போகும்போது சில நொடி நியூட்ரலில் விடுங்கள், இன்ஜினை மட்டும் அணைத்துவிடாதீர்கள். அதிர்வு அப்படியே இருந்தால் இன்ஜின் மேல் சந்தேகம் வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

நன்றி அண்ணே. ஞாயிறு காலையில் ஜூரு தாண்டிப் போய்ப் பார்த்தேன். ரீங்காரம்தான், சந்தேகமே இல்லை. நியூட்ரலில் சற்றுக் குறைகிறது, ஆனால் போகவில்லை. துன் சர்டோன் சாலை ஏற்றத்தில் எண்ணெய் (ஆக்சிலரேட்டர்) மிதிக்கும்போது குறைந்த வேகத்திலேயே லேசாகத் தெரிகிறது. டயரை முன்பின் மாற்றியும் பார்த்தேன், ஸ்டியரிங்குக்கு ஒன்றும் வரவில்லை.

பதில் (பட்டர்வொர்த்)

அப்படியானால் அளந்துவிடுவோம், ஊகம் போதும். காந்தம் உள்ள டிஜிட்டல் கோண அளவி ஒன்று வாங்குங்கள். லிஃப்டில் தூக்கித் தொங்கவிட்டு அளக்கக் கூடாது, பின் சக்கரம் தொங்கினால் கோணம் எல்லாம் பொய்யாகிவிடும். சக்கரங்கள் தரையில் நிற்க, குழி மேல் வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, நான்கு இடங்களில் பாருங்கள்: டிரான்ஸ்ஃபர் கேஸ் (சுழற்சியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் பெட்டி) பின் ஃபிளேன்ஜ், முன் ஷாஃப்ட், பின் ஷாஃப்ட் (இரண்டும் பின் ஆக்சிலுக்குப் போகும் ஷாஃப்டின் துண்டுகள்), டிஃப் பினியன் ஃபிளேன்ஜ் (ஷாஃப்ட் டிஃபில் சேரும் இடம்).

அப்படியே ஷாஃப்டில் ஜாயிண்டைப் பிடிக்கும் யோக்குகள் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றனவா என்றும் பாருங்கள். ஷாஃப்ட் துண்டுகள் பல்லோடு பல் பொருந்தும் ஸ்பிளைனைக் கழற்றி ஒரு பல் தள்ளிப் பூட்டியிருந்தால் எந்தக் கோணத்தைச் சரிசெய்தாலும் பயன் இல்லை. கழற்றும் முன் பெயின்ட் கோடு போட வேண்டும். நான் என் பையன்களிடம் தினமும் சொல்வது இது.

கேள்வி கேட்டவர்

அளந்தாயிற்று. எல்லாம் பின்பக்கம் இறங்கும் சாய்வு. டிரான்ஸ்ஃபர் 3.0, முன் ஷாஃப்ட் 3.5, பின் ஷாஃப்ட் 8.5, பினியன் 6.0 டிகிரி. யோக்குகள் நேராக இருக்கின்றன. ஷாஃப்டை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங் ரப்பரில் கீறல் விட்டிருக்கிறது.

பதில் (பட்டர்வொர்த்)

இதோ பிடிபட்டது. அடுத்தடுத்த இரண்டைக் கழித்துப் பாருங்கள். முன் ஜாயிண்ட் 0.5, நடு ஜாயிண்ட் 5.0, பின் ஜாயிண்ட் 2.5. நடுவும் பின்னும் சமமாக இருந்தால்தான் ஒன்று கொடுக்கும் வேக ஏற்றத்தாழ்வை மற்றொன்று அழிக்கும். பாதி அழிந்துவிடுகிறது என்று நினைக்க வேண்டாம். அந்த ஏற்றத்தாழ்வு கோணத்தின் வர்க்கத்தை ஒட்டி ஏறும், ஆகவே 2.5 டிகிரி ஜாயிண்ட் 5 டிகிரி ஜாயிண்டில் கால்பங்கைத்தான் ஈடுகட்டும். மீதி முழுவதும் சென்டர் பேரிங்குக்கும் உங்கள் அப்பா இடுப்புக்கும் போகிறது. ரப்பர் கீறியதும் இதனால்தான் என்று நினைக்கிறேன்.

காரணம் அந்த நீள ஷாக்கிள். அது ஸ்பிரிங்கின் பின்முனையைக் கீழே தள்ளுகிறது, அதனால் ஆக்சில் சுழன்று பினியன் மூக்கு மேலே தூக்கிவிட்டது. உயரம் கூடியதால் பின் ஷாஃப்டின் சாய்வும் கூடிவிட்டது. ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் இடையே ஆப்பு வைத்து பினியனை இறக்க வேண்டும்.

பதில் (ஜார்ஜ் டவுன்)

டயர் என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். சென்டர் பேரிங்கை 20 மில்லிமீட்டர் இறக்கினால் போதாதா? ஆப்பு எல்லாம் எதற்கு?

பதில் (பட்டர்வொர்த்)

இறக்கினால் முன் ஷாஃப்ட் சாய்வு கூடும், அப்புறம் முன் ஜாயிண்ட் 2 டிகிரியைத் தாண்டும். அதை ஈடுகட்ட வேறு ஜாயிண்ட் கிடையாது, கிளம்பும்போது உதறும். அதனால் 10 மில்லிதான் இறக்கச் சொல்வேன். இந்த நீள ஷாஃப்டில் முன் ஷாஃப்ட் 4.5 பக்கமும் பின் ஷாஃப்ட் 7.9 பக்கமும் வரும். அதோடு 2 டிகிரி இரும்பு ஆப்பு. இந்த வண்டியில் ஸ்பிரிங் ஆக்சிலுக்கு மேலே உட்கார்ந்திருப்பதால் ஆப்பின் தடித்த பக்கம் முன்னோக்கி இருந்தால்தான் பினியன் இறங்கும். திருப்பி வைத்தால் பினியன் இன்னும் மேலே ஏறிவிடும். பினியன் 4.0க்கு வந்தால் நடு 3.4, பின் 3.9. பின் கொஞ்சம் கூடுதலாக இருப்பது நல்லதுதான், ஏனென்றால் எண்ணெய் மிதிக்கும்போது ஸ்பிரிங் முறுக்கி பினியன் மேலே ஏறும்.

அலுமினிய ஆப்பு வேண்டாம், சுமை ஏற்றும் வண்டியில் நசுங்கும். ஆப்பின் தடிமனுக்கு ஏற்ற நீளமான சென்டர் போல்ட், புது யூ-போல்ட், புது சென்டர் பேரிங், இவற்றில் சிக்கனம் பார்க்காதீர்கள். உயரம் மாற்றியதற்கு ஜே.பி.ஜே. (சாலைப் போக்குவரத்துத் துறை) அனுமதி விஷயத்தையும் விட்டுவிடாதீர்கள் தம்பி, விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கேட்பது அதைத்தான்.

கேள்வி கேட்டவர்

நேற்று மாலை வேலை முடிந்தது. ஆப்பை நானே கையில் எடுத்து, தடித்த பக்கம் எது என்று பார்த்துத்தான் பூட்டவிட்டேன். மறுபடி அளந்ததில் நடு 3.5, பின் 3.8. இன்று காலை அப்பாவை ஏற்றிக்கொண்டு ஜூரு வரை போனேன். 90இல் ரீங்காரம் இல்லை. 105 பக்கம் மெல்லிய ஒரு சிலிர்ப்பு மட்டும் தெரிகிறது. அப்பா பாதி வழியில் தூங்கிவிட்டார் அண்ணே, இந்த வண்டியில் அவர் தூங்கி ஒரு மாதம் இருக்கும். அந்த 105 சிலிர்ப்பு ஷாஃப்ட் பேலன்ஸாக இருக்குமா?

பதில் (பட்டர்வொர்த்)

இருக்கலாம். யூ-போல்ட் உட்கார 500 கிலோமீட்டர் ஓட்டுங்கள், பிறகு இங்கே கொண்டுவந்து நட்டுகளை மறுபடி முறுக்கிக்கொள்ளுங்கள். சிலிர்ப்பு அப்போதும் இருந்தால் ஷாஃப்டைக் கழற்றி பேலன்ஸ் மெஷினில் ஏற்றுவோம். பெயின்ட் கோடு போட்டுவிட்டுத்தான் கழற்றுவேன்.