ஓபிஎஸ் நேரலை: விஎல்சி, ஜூம், மைக் மூணையும் கலக்குவது எப்படி?

தோவாளை_வில்:
விண்டோஸ் 11, யூஎஸ்பி மைக், ஹெட்போன். வில்லுப்பாட்டுப் பதிவு விஎல்சி பிளேயரில் ஓடும். இடையில் துபாயிலிருந்து ஒரு புலவர் ஜூமில் விளக்கம் சொல்வார். எல்லாம் ஓபிஎஸ் (நேரலை அனுப்புற மென்பொருள்) வழியா யூடியூப் போகணும். பாட்டு அவருக்குக் கேட்க மாட்டேங்குது. ஸ்டீரியோ மிக்ஸை (கம்ப்யூட்டரில் கேட்கிற எல்லா சத்தமும் சேர்ந்த இன்புட்) ஜூமுக்கு மைக்கா கொடுத்தா அவர் பேச்சு அவருக்கே திரும்பிப் போகுது. மிக்ஸர் வாங்கணுமா?

தக்கலை_ஒலி:
வேண்டாம். வாய்ஸ்மீட்டர் பனானா (மென்பொருள் மிக்ஸர்) போடுங்க, சாதா வாய்ஸ்மீட்டர் பத்தாது. அதில் வெர்ச்சுவல் இன்புட் (மத்த ஆப் சத்தத்தை உள்ளே வாங்குற வழி) ஒண்ணுதான், இதில் ரெண்டு. போட்டதும் ரீஸ்டார்ட். A1-ல் ஹெட்போன், முதல் ஹார்டுவேர் இன்புட்டில் மைக். விண்டோஸ் வால்யூம் மிக்ஸரில் விஎல்சியை வாய்ஸ்மீட்டர் இன்புட்டுக்குத் திருப்புங்க. ஜூம் ஸ்பீக்கரை ஆக்ஸ் இன்புட்டுக்கு (ரெண்டாவது வெர்ச்சுவல் இன்புட்).

பட்டன் (A1 ஹெட்போனுக்கு, B1, B2 மத்த ஆப்புக்குச் சத்தம் போற வழி): மைக்குக்கு B1, B2. விஎல்சிக்கு A1, B1, B2. ஜூமுக்கு A1, B1 மட்டும். ஓபிஎஸ் B1-ஐ எடுக்கும். ஜூமில் மைக் B2. ஜூம் வரிசையில் B2 எரிஞ்சா எதிரொலிதான், அங்கேதான் எல்லாரும் சறுக்குறது.

ஓபிஎஸ்ஸில் டெஸ்க்டாப் ஆடியோவை டிசேபிள் பண்ணிருங்க. இல்லேன்னா பாட்டு ரெண்டு தடவை ஏறி, கிணத்துக்குள்ள இருந்து பாடுற மாதிரி கேட்கும்.

குளச்சல்_கரை:
இவ்வளவு சுத்த வேண்டாமே. ஜூம் ஸ்கிரீன் ஷேரில் ஷேர் சவுண்ட் போட்டா பாட்டு அவருக்குப் போகும், அவர் குரல் திரும்பாது. ஓபிஎஸ் 28 முதல் அப்ளிகேஷன் ஆடியோ கேப்சர் இருக்கு. விஎல்சி, ஜூம் ரெண்டையும் தனித்தனியா எடுக்கலாம்.

தக்கலை_ஒலி:
எடுக்கலாம். ஆனா ஷேர் சவுண்டில் வாட்ஸ்அப் மணி அடிச்சாலும் புலவர் காதுக்குப் போவும், பாத்துக்கிடுங்க. ஷேரை நிறுத்தினா பாட்டும் நிக்கும்.

எந்த வழியானாலும் சேம்பிள் ரேட் (ஒரு செகண்டில் ஒலியை எத்தனை தடவை அளக்குதுங்கிற கணக்கு) எல்லா இடத்திலும் 48000. ஒண்ணு 44100-ல் கிடந்தா கரகரப்பு வரலாம். பனானா வழின்னா ஜூமில் ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸும் ஆன்ல இருக்கணும். இல்லாட்டி உடுக்கையை இரைச்சல்னு வெட்டிப்போடும். புலவர் அங்கிருந்து பாட்டுக்கு ‘ஆமா’ போட ஆசைப்பட்டா விட்டிராதீங்க. நெட் தாமதத்தில் தாளம் பிந்தும்.

தோவாளை_வில்:
பனானா சரியாச்சு. ஜூம் சேர்ந்ததும் பாட்டு மட்டும் சட்டுனு அமுங்குதே?

குளச்சல்_கரை:
அது விண்டோஸ் வேலை. ரன்னில் mmsys.cpl அடிச்சு, கம்யூனிகேஷன்ஸ் டேபில் பாருங்க. 80 சதவீதம் குறைக்கன்னு இருக்கும். டூ நத்திங் கொடுங்க.