பேலியோவில் 21 கிலோ குறைந்தது, இப்போது 6 கிலோ திரும்ப ஏறிவிட்டது. எங்கே இடிக்கிறது?

அரசலாறு (கும்பகோணம் பக்கம்)

வணக்கம். பெண், வயசு 45, உயரம் 158 செ.மீ. பேலியோ (தானியம், சர்க்கரையை விட்டுட்டுக் கொழுப்பும் புரதமும் சாப்பிடற முறை) ஆரம்பிச்சப்போ 92 கிலோ. பதினாலு மாசத்துல 71 வந்துச்சு. அப்புறம் அஞ்சு மாசம் முள்ளு அசையவே இல்லை. கடைசி மூணு மாசத்துல ஏறி இப்ப 77.

அரிசி, சர்க்கரை, கிழங்கு எதையும் தொடலை. காலையில 100 பாதாம், நெய்யில வறுத்தது. மதியம் காலிஃபிளவர் சாதம், 150 கிராம் மீன் போட்ட குழம்பு, தேங்காய் அரைச்ச பொரியல். சாயங்காலம் பட்டர் டீ. ராத்திரி 3 முட்டை, 100 கிராம் பன்னீர். நடுவுல சர்க்கரை இல்லாத டிகிரி காபி மூணு. தைராய்டு மாத்திரையும் சுகர் மாத்திரையும் போடுறேன்.

கீட்டோன் ஸ்ட்ரிப் (சிறுநீர்ல நனைச்சு நிறம் பார்க்கற பட்டை) முன்னாடி அடர் ஊதாவா வரும், இப்ப வெளுத்த ரோஸ்தான். கீட்டோசிஸே (உடம்பு கொழுப்பை எரிச்சுக் கீட்டோன் உண்டாக்கற நிலை) போயிடுச்சா? கொழுப்பை இன்னும் கூட்டணுமா? யாராவது பார்த்துச் சொல்லுங்க.

வெண்ணாறு

கொழுப்பைக் கூட்டாதீங்க. ஸ்ட்ரிப்பையும் தூக்கிப் போடுங்க. அது சிறுநீர்ல வழியுற அசிட்டோ அசிட்டேட்ங்கிற ஒரு கீட்டோனை மட்டும்தான் காட்டும். மாசங்கள் போகப்போக வீணா வெளியேறுறது குறையும், நிறம் வெளுக்கும். நிறையத் தண்ணி குடிச்சாலும் வெளுக்கும். ரத்தத்துல பீட்டா ஹைட்ராக்சி பியூட்டிரேட்ங்கிற இன்னொரு கீட்டோன் லிட்டருக்கு 0.5 மில்லிமோலுக்கு மேல இருந்தா கீட்டோசிஸ். ஆனா கீட்டோசிஸ்ல இருக்கறதும் உடம்புக் கொழுப்பு கரையறதும் ஒண்ணு இல்லை. பட்டர் டீயில இருக்கிற கொழுப்பு எரிஞ்சாலும் கீட்டோன் வரும்.

உங்க தட்டைக் கொஞ்சம் எண்ணிப் பார்ப்போம். 100 பாதாம்னா சுமார் 120 கிராம், அதுவே 695 கலோரி. வறுத்த நெய் ஒரு மேசைக்கரண்டி 120. மீன் 200, குழம்புலயும் பொரியல்லயும் போற எண்ணெய் ரெண்டு மேசைக்கரண்டி 240, தேங்காய் 50 கிராம் 175. பட்டர் டீக்கு 30 கிராம் வெண்ணெய் 215. மூணு முட்டை 210, பன்னீர் 290. தண்ணி கலக்காத பால்ல மூணு காபின்னா 350 மில்லி போல ஆகும், அது 230. மொத்தம் 2,375. காலிஃபிளவரைச் சேர்க்கவே இல்லை.

இப்ப உங்க தேவை. 10 × எடை + 6.25 × உயரம் − 5 × வயசு − 161. இது பெண்களுக்கான சூத்திரம். 77 கிலோவுக்கு 1,370 வரும், சும்மா படுத்துக் கிடந்தாலும் உடம்பு எரிக்கிற கலோரி அது. உட்கார்ந்த வேலைன்னா 1.3 ஆல பெருக்குங்க, சுமார் 1,780. அதே கணக்குல 92 கிலோவுல 2,000 ஒட்டி இருந்துச்சு. உடம்பு சின்னதாச்சு, தேவையும் சுருங்கிடுச்சு, தட்டு மட்டும் சுருங்கலை. ஆரம்ப மாசங்கள்ல பசி செத்துக் கிடக்கும், பாதித் தட்டை வச்சிட்டு எழுந்திருப்போம். பசி திரும்பினதும் அதே அளவு முழுசா உள்ள போகும்.

ஒரு நாளைக்கு 600 மிச்சம். ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 கலோரின்னு வச்சா 13 நாளைக்கு ஒரு கிலோ. மூணு மாசத்துக்கு 6, 7 கிலோ. தராசு பொய் சொல்லலை பாருங்க.

கார்ப்பும் (மாவுச்சத்தும் சர்க்கரையும்) நீங்க நினைக்கிற அளவுக்குக் குறைவா இல்லை. பால்ல மட்டும் 17 கிராம் லாக்டோஸ். பாதாம்ல நார் போக 11. வெங்காயம், தக்காளி, புளி, காலிஃபிளவர், பன்னீர், தேங்காய் எல்லாம் சேர்ந்தா 50ஐத் தொடும்.

நூறு பாதாம் ஆரம்பத்துல சோத்து ஏக்கத்தைக் கட்டிப்போட நல்ல ஊன்றுகோல்தான். அதை ஆயுசுக்கும் பிடிச்சுக்கிட்டு நடக்கறதுதான் தப்பு. 25க்கு இறக்குங்க, அதுவும் சாயங்காலம், பட்டர் டீக்குப் பதிலா. காலையில 3 முட்டை, ஒரு தேக்கரண்டி எண்ணெய்ல வதக்கின கீரையோ புடலங்காயோ. மதியம் சுத்தம் செஞ்சு எடை போட்ட 200 கிராம் மீன், காய் 200 கிராம், எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. ராத்திரி தோல் எடுத்த கோழி 140 கிராம், காயோட. காபி காலையில ஒண்ணு. 1,300லிருந்து 1,400 கலோரி ஆகும், புரதம் 95 கிராம் தேறும். நாகப்பட்டினம் மத்தி கிடைக்குற அன்னிக்கு எண்ணெயைப் பாதியாக்கலாம், அந்த மீன்லயே கொழுப்பு உண்டு. சங்கரான்னா எண்ணெயைக் குறைக்க வேண்டாம், அது கொழுப்பு கம்மியான மீன்.

கார்ப் குறைச்சா கணக்கே வேண்டாம்னு ஒரு பேச்சு ஓடுது. 2018ல ஜாமாங்கிற அமெரிக்க மருத்துவ இதழ்ல வந்த ஸ்டான்ஃபோர்ட் ஆய்வைப் பாருங்க. 609 பேர், பன்னிரண்டு மாசம். கொழுப்பு குறைச்ச குழு 5.3 கிலோ, கார்ப் குறைச்ச குழு 6.0 கிலோ இறங்குச்சு. பேர் சொல்ற வித்தியாசம் இல்லை.

குடமுருட்டி

டெல்டாவுல சோறில்லாம ரெண்டு வருஷம் ஓட்டினதே பெரிசு அக்கா, முதல்ல அதுக்கு ஒரு கும்பிடு.

வெண்ணாறு அண்ணன் சொன்ன எண்ணெய்க் கணக்குல ஒரு சந்தேகம். ரெண்டு மேசைக்கரண்டின்னு யார் அளந்தா? தூக்குலேருந்து சாய்ச்சு ஊத்துற கைக்கு அளவு தெரியாது. வீட்டுக்கு மாசம் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குறீங்கன்னு பாருங்க. நாலு பேருக்கு அஞ்சு லிட்டர்னா ஆளுக்கு தினம் 340 கலோரி எண்ணெய்லயே போகுது. தேங்காயும் இப்படித்தான். கொல்லையில காய்க்கிறதுக்கு யாரும் கணக்கு வைக்கிறதில்லை. அரை மூடி துருவினா எத்தனை கிராம்னு ஒரு தரம் நிறுத்துப் பாருங்க, அப்புறம் கை தானா சுருங்கும்.

ரெண்டு வாரத்துக்கு மட்டும் சமையலறைத் தராசை அடுப்புப் பக்கத்துல வைங்க. எண்ணெய், நெய், தேங்காய், பருப்புக் கொட்டைகள், பன்னீர், பால். இந்த ஆறு போதும், கீரையையெல்லாம் நிறுக்கறது வெட்டி வேலை. மீனையும் கறியையும் பச்சையா இருக்கும்போதே நிறுங்க. வெந்தா தண்ணி வத்தி எடை குறையும், 150 கிராம் வெந்ததை 150 பச்சைன்னு எழுதினா கணக்கு உதைக்கும்.

எடை பார்க்கறதுலயும் கோளாறு வரும். தினமும் காலையில கழிவறை போயிட்டு வந்து பாருங்க, வாரத்துக்கு ஒரு சராசரி போடுங்க. இந்த வாரச் சராசரியைப் போன வாரச் சராசரியோட மட்டும் ஒப்பிடுங்க. மாதவிடாய்க்கு முன்னாடி தண்ணியால ஒண்ணு ரெண்டு கிலோ ஏறும், அதை ஏற்றம்னு எடுக்காதீங்க. கூடவே கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பு மேட்டுக்கும் நடுவுல டேப் வச்சு வாரம் ஒரு தடவை சுத்தளவு. சராசரியும் டேப்பும் சேர்ந்து நாலு வாரம் அசையலைன்னாதான் அது தேக்கம்.

நடை மட்டும் போதாது. நாற்காலியிலேருந்து கை ஊன்றாம எழுந்து உட்கார்றது, சுவத்துல தண்டால், ரெண்டு கையிலயும் தண்ணிக் குடம் தூக்கி நடக்கறது, வாரம் மூணு நாள், ஒவ்வொண்ணும் மூணு சுத்து. தசை கரையாம இருந்தாதான் அந்த 1,370 இன்னும் கீழ போகாது.

இதுக்கும் அசையலைன்னா வாரம் ரெண்டு நாள் ராத்திரிச் சாப்பாட்டை விட்டு விரதம் இருங்க.

வெட்டாறு

தம்பி, கடைசி வரியை இப்போதைக்கு நிறுத்தி வைங்க. அக்கா, சுகர் மாத்திரைன்னு பொதுவாச் சொல்லிட்டீங்க. பேரும் மில்லிகிராமும் என்ன? தைராய்டு மாத்திரையை எப்படிப் போடுறீங்க?

அரசலாறு

மெட்ஃபார்மின் 500 ரெண்டு வேளை, டாபாக்ளிஃப்ளோசின் 10 காலையில. டாக்டர்கிட்ட "சோத்தைக் குறைச்சிருக்கேன்"னு மட்டும்தான் சொன்னேன். தைராய்டு 75 மைக்ரோகிராம், எழுந்ததும் காபியோட போட்டுடுவேன்.

வெட்டாறு

எடையை ஓரமா வைங்க. நாளைக்கே டாக்டரைப் பாருங்க. "சோத்தைக் குறைச்சிருக்கேன்" போதாது. "ஒரு நாளைக்கு 50 கிராம் போலத்தான் கார்ப், ரெண்டு வருஷமா" அப்படின்னு எண்ணோட சொல்லணும்.

டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரைங்க சர்க்கரையைச் சிறுநீர் வழியா வெளியேத்தும். இன்சுலின் அளவு இறங்கும், ஈரல் கீட்டோனைக் கூடுதலா உண்டாக்கும். மேல கார்ப் குறைச்ச கீட்டோ உணவும் சேர்ந்தா கீட்டோ அசிடோசிஸ் (கீட்டோன் எக்கச்சக்கமாகி ரத்தம் அமிலமாகற, உயிருக்கே ஆபத்தான நிலை) வர வாய்ப்பு கூடுது. இதுல ஏமாத்துறது என்னன்னா, சுகர் 150, 180ன்னு சாதாரணமா இருக்கும்போதே வரும். வீட்டு மீட்டரைப் பார்த்து நிம்மதியா இருந்துடுவோம். விரதம், காய்ச்சல், வாந்தி பேதி, அறுவை சிகிச்சைக்கு முன்னாடி பட்டினி, இந்த நேரங்கள்ல ஆபத்து அதிகம். குமட்டல், வயித்து வலி, மூச்சு வாங்கறது, காரணமில்லாத அசதி வந்தா அடுத்த மாத்திரை போடாம நேரா அவசரப் பிரிவுக்குப் போங்க. "ரத்தத்துல கீட்டோன் பாருங்க"ன்னு நீங்களே கேளுங்க. மாத்திரையை மாத்தறதா, உணவை மாத்தறதான்னு டாக்டர் முடிவு செய்யட்டும். அதுவரைக்கும் விரதம் கூடவே கூடாது.

தைராய்டு மாத்திரையைக் காபியோட போட்டா முழுசா உறிஞ்சாது. வெறும் வயித்துல தண்ணியோட போட்டு அரை மணியிலேருந்து ஒரு மணி நேரம் கழிச்சுக் காபி. கால்சியம், இரும்பு மாத்திரை இருந்தா நாலு மணி நேர இடைவெளி. இப்படி ஆறிலேருந்து எட்டு வாரம் போட்டபிறகு டி.எஸ்.எச். (தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனை) பாருங்க. முடிக்காக பயோட்டின் வைட்டமின் சாப்பிட்டா பரிசோதனைக்கு ரெண்டு நாள் முன்னாடியே நிறுத்துங்க, ரிசல்ட்டைப் புரட்டிடும். ஏறின ஆறு கிலோவையும் தைராய்டு தலையில கட்ட முடியாது, ஆனா இந்தக் கோளாறைச் சரி பண்ணாம அளவு சாப்பாட்டுல மட்டும் மல்லுக்கட்டாதீங்க.

அரசலாறு

நாளைக்குக் காலையிலேயே போறேன். பாதாமை இன்னிக்கே குறைச்சாச்சு. இன்னொண்ணு, ஆவணியில வீட்டுக் கல்யாணம், மூணு நாள் பந்தி. அதுல தப்பினா எல்லாம் போயிடுமா?

வெண்ணாறு

போகாது. ஒரு கிராம் கிளைக்கோஜன் (உடம்பு சேமிச்சு வைக்கிற மாவுச்சத்து) சேர்ந்தா மூணு கிராம் தண்ணியையும் பிடிச்சு வைக்கும். ஒரு பந்திச் சாப்பாட்டுக்கு மறுநாள் ஒன்றரை, ரெண்டு கிலோ கூடக் காட்டும். அது கொழுப்பு இல்லை, பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினா நாலஞ்சு நாள்ல வடிஞ்சிடும். அந்த எண்ணைப் பார்த்து மனசு உடைஞ்சு "இனி என்ன"ன்னு ஒரு மாசம் விட்டுடுறதுலதான் நிஜமான கிலோ ஏறுது. கல்யாண வாரத்துல தராசுல ஏறவே ஏறாதீங்க.

மூணு நாளும் வேண்டாம், முகூர்த்தச் சாப்பாடு ஒண்ணை வச்சுக்கோங்க. கூட்டு, பொரியல், அவியல் முதல்ல. சாம்பாருக்கு ஒரு கரண்டி சோறு, ரசத்துக்கு வேண்டாம், குடிச்சுடுங்க. பாயசமா ஜாங்கிரியா, ஏதாவது ஒண்ணு. மத்த வேளைக்கு வேகவைச்ச முட்டையும் மோரும். ஆனா வெட்டாறு சொன்னதை மறக்காதீங்க. விருந்துக்கு ஈடுகட்டுறேன்னு முதல் நாள் பட்டினி கிடக்கிற பழக்கம் உங்களுக்கு இப்ப ஆகாது.