பருவம் மாறுவதைக் குறித்து வைப்பவர்களே, இன்னும் மனதை உறுத்துகிற ஒரு நாளைச் சொல்லுங்கள்

ஓலைநறுக்கு:
தினம் ஒரு வரி எழுதுகிற பழக்கம் இங்கே பலருக்கு இருக்கிறது, அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். மழை ஓய்ந்த ஓர் ஐப்பசிக் காலை. பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் நிற்கும் சரக்கொன்றை பூத்திருந்தது. மரம் முழுக்க இல்லை, தெற்குப் பக்கம் ஒரே ஒரு கிளை. அதே கிளையில் பழைய நெற்றுகளும் கறுத்துப்போய் முழ நீளத்துக்குத் தொங்கின. காற்றடித்தால் நெற்றுகள் கடகடவென்று மோதிக்கொள்ளும், பூ சத்தமில்லாமல் உதிரும். ஈர நெற்றின்மேல் ஒரு மஞ்சள் இதழ் ஒட்டிக்கொண்டு விழவே மாட்டேன் என்றது. அது விழுகிற வரை பார்த்துவிடலாம் என்று நின்றதில் என் பேருந்து போய்விட்டது.

அதைக் கவிதையாக எழுதி ஒரு கூட்டத்தில் வாசித்தேன். ஒரு பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "கொன்றை சித்திரையில்தானேம்மா பூக்கும்? அந்த ஐப்பசியை எடுத்துவிடு, கவிதை நிற்கும்" என்றார். சுற்றியிருந்தவர்கள் எல்லாம் தலையாட்டினார்கள். நான் எடுக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து எது பூத்தாலும் மனசு முதலில் மாதத்தைப் பார்க்கிறது, அப்புறம்தான் பூவைப் பார்க்கிறது. இதுதான் போக மாட்டேன் என்கிறது. உங்களுக்கும் இப்படி ஏதாவது?

ஈரத்தாள்:
எனக்கு மாந்தளிர். வாட்டர்கலர் போடுகிறவன் நான். மாமரம் துளிர்க்கும்போது இலை பச்சையாக வராது என்று எல்லோருக்கும் தெரியும். சரி, என்ன நிறம்? செம்பு என்பார்கள். உட்கார்ந்து பார்த்தால் செம்பும் இல்லை. நரம்பை ஒட்டி ஒரு ரோஜா, ஓரத்தில் காப்பித்தூள், வெயில் பின்னாலிருந்து விழுந்தால் ஒயின் மாதிரி ஒரு சிவப்பு. இலைக்கு இன்னும் விறைப்பு வரவில்லை, பிழிந்து போட்ட துணியாகத் துவண்டு தொங்கும். விரலால் நிமிர்த்தினால் திரும்பவும் சாயும்.

பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பில் துளி ரோஸ் கலந்து, தண்ணீர் கூட்டி, கடைசியில் அந்த நிறத்தைப் பிடித்துவிட்டேன். பாதி கொத்து முடிந்தது. வெளிச்சம் போய்விட்டதால் மிச்சத்தை அடுத்த நாளுக்கு வைத்தேன். அடுத்த நாள் மழை, அதற்கடுத்து வேலை. போய்ப் பார்த்தால் அந்த நிறம் மரத்தில் இல்லை. பச்சையம் ஏற ஆரம்பித்துவிட்டது, அடி இலைகள் வெளிர்பச்சைக்கு வந்துவிட்டன. ஒரே கொத்தின் பாதி ஒரு மாமரம், பாதி வேறொரு மாமரம். அந்தத் தாளை முடிக்கவும் முடியவில்லை, கிழிக்கவும் முடியவில்லை. மேஜைக் கண்ணாடிக்கு அடியில் கிடக்கிறது.

நாள்கணக்கு:
மேலே இருவர் சொன்னதற்கும் காரணம் ஒன்றுதான், முறையாகக் குறிக்கவில்லை. என் அனுபவம் சின்னது: எங்கள் தெருப் புங்கமரம் மாசி கடைசியில் இலை முழுக்கக் கொட்டிவிட்டு, சில நாளிலேயே பளபளவென்று புது இலை போட்டு நிற்கும். மொட்டையாக நிற்கிற அந்த இடைவெளியை ஒரு வருஷம் ஊருக்குப் போனதில் தவறவிட்டேன். அவ்வளவுதான் கதை.

இப்போது உங்களுக்குச் சில யோசனைகள். முதலில், பார்க்கிற மரத்தையெல்லாம் எழுதாதீர்கள். ஒரு மரம். அதே மரம். வாரத்தில் ஒரு நாள் போதும். மொட்டு, முதல் பூ, முழுப்பூ, பிஞ்சு, காய், இலையுதிர்வு, தளிர் என்று கட்டம் போட்டு, 'இல்லை', 'கொஞ்சம்', 'நிறைய' என்று மட்டும் நிரப்புங்கள். 'இல்லை' என்று எழுதுவதும் முக்கியம். பூக்காத வாரத்தைக் குறிக்காதவன் பூத்த வாரத்தைக் குறித்துப் பயனில்லை. சீசன்வாட்ச் என்ற திட்டத்தில் இந்தியா முழுக்க மாணவர்களும் ஆர்வலர்களும் இப்படித்தான் மரங்களைக் கவனித்து அனுப்புகிறார்கள்.

இரண்டாவது, தேதி. கியோட்டோவில் செர்ரி பூத்த நாட்கள் 9ஆம் நூற்றாண்டிலிருந்து கிடைக்கின்றன. அவற்றை எழுதியவர்கள் விஞ்ஞானிகள் இல்லை. நாட்குறிப்பு எழுதிய அரசவைக்காரர்களும் துறவிகளும் பூ பார்க்கப் போன நாளைக் குறித்தார்கள், இன்று அது பருவநிலை ஆய்வுக்கு ஆதாரம். இங்கிலாந்தில் ராபர்ட் மார்ஷம் 1736இல் தொடங்கிய வசந்தக் குறிப்பை அவர் குடும்பத்தார் 1958 வரை தொடர்ந்தார்கள். அமெரிக்க எழுத்தாளர் தோரோ 1850களில் தன் ஊரான கான்கார்டில் எந்தச் செடி என்றைக்குப் பூத்தது என்று எழுதிவைத்ததை எடுத்துத்தான் பிரிமாக் என்ற உயிரியலாளரும் உடன் ஆய்வு செய்தவர்களும் இப்போது பூக்கள் முந்திக்கொண்டு வருகின்றன என்று காட்டினார்கள். ஆகவே கொன்றைப் பூவின் அழகை எழுதுமுன் தேதியை எழுதுங்கள். அழகு எங்கும் போகாது.

ஈரத்தாள்:
அழகு எங்கும் போகாதா? நான் என்ன சார் மேலே எழுதியிருக்கிறேன்? தேதி என்னிடம் இருக்கிறது, தாளின் பின்னால் பென்சிலில். நிறம்தான் போனது. உங்கள் கட்டத்தில் 'தளிர்: நிறைய' என்று இரண்டு நாளும் ஒன்றுபோலத்தான் விழும். நான் பார்த்தது அந்த இரண்டு 'நிறைய'வுக்கும் இடையில் நடந்த விஷயம்.

கூதிர்:
சண்டைக்கு நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். ஆறுமணிக்குருவி கேட்டிருப்பீர்கள். தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். மழைக்காலத்தில் வடக்கே குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்குத் தெற்கே இறங்கி வரும். விடியலிலும் அந்தியிலும் இரண்டு சுரத்தில் ஒரு விசில், அதனால்தான் அந்தப் பெயர். நான் சிறுகதை எழுதுகிறவள். எனக்குப் புரட்டாசி முடிவது இந்த விசிலில்தான்.

ஒரு வருஷம் விசில் வருமுன் பறவையே வந்துவிட்டது, குளியலறைக்குள். இரவு முழுக்கப் பறந்து வந்த களைப்பில் விளக்கு வெளிச்சத்துக்கு உள்ளே புகுந்திருக்க வேண்டும். வாளிக்குப் பக்கத்தில் ஈரத்தரையில் நின்றது. முதுகு பச்சை, தோளில் மின்சார நீலமாக ஒரு திட்டு, கண்ணை மறைத்துக் கறுப்புப் பட்டை, வாலுக்கடியில் குங்குமச் சிவப்பு. வால் என்று சொல்லத் தகுந்த வாலே இல்லை. அது என்னைப் பார்க்கவில்லை, குழாய் சொட்டுவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. சொட்டு விழும்போதெல்லாம் தலையை மட்டும் ஒரு வெட்டு. விளக்கை அணைத்துக் கதவைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். விடிந்ததும் இல்லை.

அன்று சாயங்காலம் பின்பக்கம் விசில் கேட்டது. அதுதானா, வேறொன்றா? எழுதிக்கொண்டிருந்த கதை அந்த இடத்திலேயே நிற்கிறது. அதுதான் என்று எழுதினால் கதை ரொம்ப இனிப்பாகிறது. வேறு என்று எழுதினால் விசிலுக்கு அங்கே வேலையில்லை. ஒவ்வொரு ஐப்பசியும் அந்தக் கோப்பைத் திறந்து மூடுகிறேன்.

பழையபாடம்:
ஓலைநறுக்கு அவர்களே, அந்தப் பெரியவரிடம் குறுந்தொகை 66ஐக் காட்டியிருக்கலாமே. கோவர்த்தனார் பாட்டு. தலைவன் கார்காலத்தில் வருகிறேன் என்று சொல்லிப் போயிருக்கிறான், ஆள் வரவில்லை, கொன்றை சரம் சரமாகப் பூத்துவிட்டது. தோழி சொல்கிறாள்: இந்தக் கொன்றைக்கு அறிவே இல்லை, பருவம் வருமுன் பெய்த வம்ப மழையைக் கார் என்று நம்பிப் பூத்துவிட்டது. பருவம் தப்பிப் பூக்கிற கொன்றை நம் இலக்கியத்தில் அன்றைக்கே இருக்கிறது. அதிலும் சங்கப் புலவர்களுக்குக் கொன்றை முல்லை நிலத்துக் கார்ப்பூ, ஆவணி புரட்டாசி. 'சித்திரையில்தானே' என்பதே பின்னால் வந்த பழக்கம்.

என் அனுபவம் என்று தனியாக எதுவும் இல்லை. இந்தப் பாட்டைப் படித்த பிறகு கொன்றையை வெறும் மரமாகப் பார்க்க முடியவில்லை, அதுதான் என் உறுத்தல்.

ஓலைநறுக்கு:
பாட்டு தெரியும். ஆனால் நீங்கள் தோழியை அப்படியே நம்பிவிட்டீர்கள். அந்தப் பாட்டுக்குத் துறை, அதாவது யார் எந்தச் சூழலில் சொன்னது என்ற குறிப்பு, என்ன? பருவம் கண்டு கலங்கிய தலைவியை, இது பருவம் இல்லை என்று தோழி தேற்றியது. அதாவது வந்தது கார்தான். மரம் சரியாகத்தான் பூத்தது. அவள் மனசு உடையக் கூடாது என்று மரத்தின்மேல் பழியைப் போடுகிறாள் தோழி. பெரியவரிடம் இதைக் காட்டியிருந்தால், 'பார், அங்கேயும் மரத்தைத்தான் முட்டாள் என்கிறார்கள்' என்று சொல்லியிருப்பார்.

நாள்கணக்கு சார், உங்கள் கட்டத்தில் ஒரு கிளை மட்டும் பூத்தால் எந்த இடத்தில் எழுதுவது?

நாள்கணக்கு:
'கொஞ்சம்'.

ஈசல்வாசல்:
ஜப்பான்காரர்களின் 72 பருவத்தை யாரும் இன்னும் சொல்லவில்லையா? வருஷத்தை 24ஆகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மூன்றாக உடைத்தால், ஐந்து நாளுக்கு ஒரு பருவம். சீனாவிலிருந்து வந்த பட்டியல் தங்கள் மண்ணுக்குப் பொருந்தவில்லை என்று ஷிபுகாவா ஷுன்காய் 1685இல் மாற்றி எழுதினார். 'கம்பளிப்புழு பட்டாம்பூச்சியாகிறது', 'உளுத்த புல் மின்மினியாகிறது' என்றெல்லாம் பெயர்கள் இருக்கும். நமக்கு ஆறு பருவம், இரண்டு மாதத்துக்கு ஒன்று. இரண்டு மாதத்தை வைத்துக்கொண்டு பேரிலக்கியம் படைக்கலாம், காலையில் எழுந்ததும் நோட்டுப் புத்தகத்தில் எழுத ஒன்றும் கிடைக்காது. அதனால் நானே பெயர் வைத்துக்கொள்கிறேன். 'அணில் தேங்காய்நார் பொறுக்குகிறது'. 'கருவேலம் காய் உதிர்கிறது'. 'வாசலில் ஈசல் சிறகு குவிகிறது'.

பெயர் வைக்க முடியாமல் போனது ஒன்று உண்டு. கோடை முடிந்து முதல் நல்ல மழை. மறுநாள் காலை வெயில் ஏறுமுன் தரிசில் தம்பலப்பூச்சி. பட்டுப்பூச்சி என்று தீப்பெட்டியில் அடைத்து விளையாடியவர்களுக்குத் தெரியும். வருஷம் முழுக்க மண்ணுக்குள் கிடந்துவிட்டு இந்தச் சில நாளுக்குத்தான் மேலே வரும். எட்டுக் கால், சிலந்திக்கு உறவு. குப்புறப் படுத்து முகத்துக்கு நேராக ஒன்றைப் பார்த்தேன். சின்ன மண்கட்டி ஒன்றின்மேல் ஏறியது. உச்சிக்கு வந்ததும் முன்னங்கால் இரண்டையும் காற்றில் துழாவியது. முதுகு வெல்வெட்டில் ஒரு மணல்துகள் ஒட்டியிருந்தது. என் மூச்சு பட்டதும் கால்களையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு வெறும் சிவப்புப் பொட்டானது. நான் மூச்சை அடக்கினேன், கால் வந்தது. விட்டேன், போனது. இதற்கு ஐந்து சொல்லில் ஒரு பெயர் வை என்றால் என்ன வைப்பது? 'சிவந்த பூச்சி எழுகிறது' என்று எழுதி அடித்துவிட்டேன். எதை எழுதினாலும் என் மூச்சு அதில் இல்லை.

பழையபாடம்:
ஆறு பருவம் போதாது என்பது சரியில்லை. தொல்காப்பியம் பெரும்பொழுதோடு நிற்கவில்லை, நாளையும் ஆறு சிறுபொழுதாகப் பிரிக்கிறது. கார் காலத்து மாலை வேறு, கூதிர் காலத்து நள்ளிரவு வேறு. ஆறையும் ஆறையும் பெருக்கிப் பாருங்கள். வெளியிலிருந்து இரவல் வாங்குமுன் வீட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா?

ஈசல்வாசல்:
36. அது 72இல் பாதி. சும்மா சொன்னேன், கோபிக்காதீர்கள். ஷுன்காய் செய்ததும் நீங்கள் சொல்வதுதான், வந்த பட்டியலை வைத்துக்கொண்டு தன் வாசலைப் பார்த்தார்.

வடக்கு ஜன்னல்:
உங்கள் எல்லோருக்கும் மரம் இருக்கிறது. எனக்கு இரண்டாவது மாடி, எதிரில் கட்டடங்கள். அம்மா படுக்கையில் இருக்கிறார், நான் பக்கத்தில். அறைக்கு ஒரே ஜன்னல், வடக்கே பார்த்தது. வெயில் வராத அறை என்றுதான் வாடகைக்கு எடுத்தோம்.

ஏப்ரல் முதல் வாரம் ஒரு காலையில் அம்மா, "வந்துடுச்சு பாரு" என்றார். யாரோ என்று வாசலைப் பார்த்தேன். மேற்குச் சுவரில், ஜன்னல் சட்டத்தை ஒட்டி, விரல் தடிமனுக்கு ஒரு வெயில் கீற்று. கொஞ்ச நேரம்தான், போய்விட்டது. மார்ச் 21க்குப் பிறகு சூரியன் நேர்க்கிழக்கை விட்டு வடக்கே தள்ளி உதிக்கிறது, ஜூன் 21 வரை தள்ளிக்கொண்டே போகும் என்று அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன். அம்மா படிக்கவில்லை, போன வருஷமும் அதைப் பார்த்திருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். பக்கத்திலேயே இருந்தும் எனக்கு அது தெரியாமல் ஒரு வருஷம் போயிருக்கிறது.

எனக்கு எம்பிராய்டரி தெரியும். வெள்ளைத் துணியில் தினம் ஒரு வரிசை, கீற்று எவ்வளவு அகலமோ அவ்வளவு நீளத்துக்கு மஞ்சள் நூல். மேகமாக இருந்தால் வரிசையைக் காலியாக விட்டுவிடுவேன். ஜூன் வரை துணியில் மஞ்சள் அகன்றது, அப்புறம் குறுகிக்கொண்டே வந்தது. செப்டம்பர் பாதியில் ஒற்றைத் தையல். அம்மா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இந்த இடத்துல ஏன் பள்ளமா இருக்கு?" என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நாள்கணக்கு:
அம்மா, இது அருமையான பதிவு. நிஜமாகச் சொல்கிறேன், இந்தத் திரியிலேயே ஒழுங்காகக் குறித்திருப்பவர் நீங்கள்தான். காலி வரிசையும் விட்டிருக்கிறீர்கள் பாருங்கள். தேதி எழுதினீர்களா? ஜூன் 21க்கு முன்னும் பின்னும் சம தூரத்தில் உள்ள நாட்களில் கீற்று கிட்டத்தட்ட ஒரே அளவாக இருக்க வேண்டும். ஏப்ரல் 21ஐயும் ஆகஸ்ட் 22ஐயும் ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தப் பள்ளம் எந்த மாதத்தில் வருகிறது?

வடக்கு ஜன்னல்:
தேதி துணியின் பின்பக்கம் இருக்கிறது சார், முடிச்சுக்குப் பக்கத்தில் பேனாவால். ஏப்ரலும் ஆகஸ்டும் பொருந்தவில்லை, ஆகஸ்டில் ரொம்பச் சின்னது. பள்ளம் ஜூலையில் ஆரம்பிக்கிறது. இப்போது நீங்கள் கேட்டதும்தான் தோன்றுகிறது, எதிர்வீட்டு மொட்டைமாடியில் கறுப்புத் தண்ணீர்த்தொட்டி வைத்தது அந்த மாதம்தான். அதையும் சேர்த்துத் தைத்திருக்கிறேன். துணி அப்படியே இருக்கட்டும், பிரிக்கப் போவதில்லை. சூரியன் குறைத்தது எவ்வளவு, தொட்டி குறைத்தது எவ்வளவு என்று நீங்கள்தான் கணக்குப் போட்டுச் சொல்லுங்கள். அம்மாவுக்குப் பதில் சொல்ல வேண்டும்.