ஒரு பழைய ரீசேட்டும் கூட்டாளியின் சின்ன விரலும்: கொம்பிரஷன் சேட் அனுபவங்கள்

உவர்மலைப் பெடியன்

இரண்டு வருடமாக மனதில் கிடக்கிறது, இன்றைக்கு எழுதிவிடுகிறேன். கிராப்ளிங் வகுப்பு, ஆளை ஆள் பிடித்துக் கீழே புரளுகிற மல்யுத்த வகை, புதன்கிழமை பின்னேரம். மார்கழி மழை. கழுவிப் போட்ட கொம்பிரஷன் சேட், அதுதான் உடம்போடு ஒட்டிக் கிடக்கிற பயிற்சிச் சேட், காயவில்லை. ஒரு நாள்தானே என்று வீட்டில் போடுகிற பழைய பருத்தி ரீசேட்டோடு போனேன். கழுத்துத் தொங்கி, கைகள் தொளதொளத்த சேட்.

எனக்கு எதிரே என் கூட்டாளி. திருகோணமலையில் திருக்கடலூர்க்காரன். விடிய முன்னம் கடலுக்குப் போய் வந்து, மீன் விற்று, கொஞ்சம் படுத்தெழும்பிப் பின்னேரம் பயிற்சிக்கும் வருகிறவன். நான் கீழே, அவன் மேலே. இடுப்பைத் திருப்பி வெளியே வருவதற்கு நான் புரண்ட நேரம், என் தோளைப் பிடிக்க வந்த அவனுடைய சின்ன விரல் சேட்டுக் கைக்குள் புகுந்துவிட்டது. நான் முழுப் பலத்தோடு திரும்பினேன். துணி முறுகியது, விரலும் சேர்ந்து முறுகியது. கச்சான் கோது உடைக்கிற மாதிரி ஒரு மெல்லிய சத்தம். இன்றைக்கும் யாராவது பக்கத்தில் இருந்து கச்சான் உடைத்தால் எனக்கு அந்தப் பயிற்சி விரிப்பு, அந்த மெட்தான் ஞாபகம் வருகிறது.

அவன் கத்தவில்லை. கையைத் தூக்கிப் பார்த்தான். விரல் ஒரு பக்கமாக நின்றது. "மச்சான், நாளைக்கு வலை இழுக்க வேணுமே" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

ஆறு கிழமை அவன் கடலுக்குப் போகவில்லை. விரல் இன்னும் முழுதாக மடங்குவதில்லை.

புதிதாக வருகிற பெடியன்கள் இந்தச் சேட்டை உடம்பு வடிவைக் காட்டுகிற உடுப்பு என்று நினைத்து, பிறகு வாங்கலாம் என்று தள்ளிப்போடுகிறார்கள். எதிரே இருப்பவனின் விரல் மாட்டுவதற்கு இடம் இல்லாமல் செய்வதுதான் அதன் முதல் வேலை. சரி, உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.


பாலையூற்று 34

தம்பி எழுதியது சரி. ஆனால் உடம்போடு ஒட்டின சேட் போட்டாலே போதும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நான் அப்படித்தான் நினைத்தேன்.

வெள்ளி பயிற்சி முடிந்ததும் ஈரச் சேட்டைச் சுருட்டி மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் போடுவேன். ஞாயிறு காலையில் அதே சேட். பொலியெஸ்டர் துணி சீக்கிரம் காய்ந்துவிடும், கையில் பிடித்தால் சுத்தமான மாதிரியே இருக்கும். ஒரு மாதத்தில் இடுப்புப் பட்டி உரஞ்சுகிற இடத்தில் வட்டமாக ஒரு சிவப்பு, ஓரம் தடித்து, நடு வெளுத்து. படர்தாமரை. கடையில் "கடிக்கு ஒன்று தாங்கோ" என்று கேட்டு வாங்கிப் பூசினேன். இரண்டு நாளில் சிவப்பு அடங்கிவிட்டது. மூன்றாம் கிழமை முதுகு முழுக்க வட்டங்கள். அது ஸ்டீராய்டு கலந்த களிம்பு. ஸ்டீராய்டு கடியையும் சிவப்பையும் அமத்தும், பூஞ்சணம் அதற்குக் கீழே தாராளமாகப் பரவும். அதைப் பிறகு தோல் டொக்டர்தான் எனக்கு விளங்கப்படுத்தினார்.

என்னால் மறக்க முடியாதது வேறு. அக்காவின் குழந்தைக்கு அப்போது எட்டு மாதம். நான் தூக்கித் தோளில் சாய்த்து வைத்திருப்பேன். ஒரு நாள் அதன் கன்னத்தில் அதே வட்டம். அக்கா பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் கதைக்காமல் குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

மல்யுத்தம் மாதிரித் தோலோடு தோல் உரஞ்சுகிற விளையாட்டு எல்லாவற்றிலும் இந்த நோய் வழமையான ஒன்று. முழுக்கைச் சேட் தொடுகையைக் குறைக்கும், தடுத்து நிறுத்தாது. சேட் ஒன்று மட்டும் வைத்திருக்கிறவர்கள் இரண்டாவது ஒன்று வாங்கிய பிறகு மற்றச் சாமான்களை யோசியுங்கள். வட்டம் தெரிந்தால் மெட்டுக்குப் போகாதீர்கள், மாஸ்டருக்குச் சொல்லிவிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.


கிண்ணியா உம்மா

என் மகள் கராத்தே பழகுகிறாள், 13 வயது. குத்து விடும்போது மேலுடுப்பு நெஞ்சுப் பக்கம் விலகும் என்பதால் உள்ளே முழுக்கை கொம்பிரஷன் சேட் வாங்கிக் கொடுத்தேன். கறுப்பு. கறுப்பென்றால் நனைந்தாலும் ஊடு தெரியாது என்று நானே பார்த்துத் தெரிவு செய்தேன்.

முதல் போட்டி. மெட்டின் ஓரத்தில் நிற்கிறாள், பெயர் கூப்பிட்டாயிற்று. நடுவர் அவள் கழுத்தைக் காட்டி, உள்ளே போட்டது சரிவராது, கழற்றிவிட்டு வா என்றார். தலைத் துணியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, அது அனுமதிக்கப்பட்ட வகை. கறுப்புச் சேட்டுத்தான் பிரச்சினை. உலக கராத்தே சம்மேளன விதியில், பெண் பிள்ளைகள் மேலுடுப்புக்கு உள்ளே போடுவது எழுத்தோ படமோ இல்லாத வெள்ளை ரீசேட்டாக இருக்க வேண்டும். எங்களுக்கு அது தெரியாது. மகள் இரண்டு கையாலும் உடுப்பின் கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னைத் தேடிப் பார்த்தாள். கூட்டத்துக்குள் இருந்து நான் இறங்கிப் போவதற்குள் கந்தளாய்ப் பக்கத்துச் சிங்களப் பிள்ளை ஒன்று, தன் ஆட்டம் முடித்து வந்தவள், மகளைக் கையில் பிடித்து உடுப்பு மாற்றுகிற அறைக்குக் கூட்டிப் போய்த் தன்னுடைய வெள்ளைச் சேட்டைக் கழற்றிக் கொடுத்திருக்கிறாள். வியர்வையோடு. மகள் அதையே போட்டுக்கொண்டு வந்து ஆடினாள். தோற்றாள், அது பரவாயில்லை. அந்தப் பிள்ளையின் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டோம். அல்லாஹ் அவளுக்கு நல்லதைக் கொடுக்கட்டும்.

பிள்ளைகளைப் போட்டிக்கு அனுப்புகிற தாய்மார், பயிற்சிக்கு எந்த நிறமும் வாங்குங்கள், வெள்ளை ஒன்று தனியாக வையுங்கள். பாலையூற்றுத் தம்பி எழுதிய படர்தாமரையை வாசித்ததில் இருந்து அந்த வியர்வைச் சேட்டை நினைத்துக் கவலையாகவும் இருக்கிறது. ஆனாலும் அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன்.


நிலாவெளி போட்காரன்

புறாமலைத் தீவுக்கு ஆட்களை ஏற்றி இறக்குகிற வேலை எனக்கு. வெயிலுக்குப் போடுகிற கடல் சேட் ஒன்று இருந்தது. அதற்கும் ராஷ் கார்ட் என்று பெயர், மெட்டில் போடுகிற இந்தச் சேட்டுக்கும் ராஷ் கார்ட் என்று பெயர், ஒன்றுதானே என்று பயிற்சிக்கும் அதையே போட்டேன். முதல் நாளே கையைப் பிடித்து இழுத்த இழுவையில் தோள் தையல் முழங்கை வரை திறந்தது. வெயிலில் இருந்து காக்கவும், அலைச்சறுக்குப் பலகை நெஞ்சில் உரஞ்சாமல் இருக்கவும் தைத்த சேட் அது. ஆள் பிடித்து இழுப்பதற்குத் தைக்கவில்லை. முதுகில் ஸிப் இருந்தால் இன்னும் மோசம், மற்றவனின் முகத்தைக் கிழிக்கும்.


தையல் அக்கா, அன்புவழிபுரம்

நான் பயிற்சி செய்கிறவள் இல்லை. கட்டுநாயக்கவில் உடுப்புத் தைக்கிற ஃபக்டரியில் ஆறு வருடம் மெசினில் இருந்தவள். இப்படிச் சேட்டுகள் என் கையால் ஆயிரக்கணக்கில் போயிருக்கின்றன, உலகத்துப் பெரிய பெயர்களுக்கு. அதனால்தான் எழுதுகிறேன்.

தம்பி 3,500 ரூபாய்க்கு ஒரு சேட் வாங்கி வந்தான். "அக்கா, ஒரிஜினல்" என்று சந்தோசமாகக் காட்டினான். உள்பக்கத்தைப் புரட்டினேன், ஒன்றும் சொல்ல மனம் வரவில்லை. அடுத்த நாள் பயிற்சி முடிந்து வந்து சேட்டைக் கழற்றினான். கமக்கட்டில் இருந்து விலா வரை ஒரு சிவப்புக் கோடு, நூல் பிடித்துக் கீறின மாதிரி நேராக. அவ்வளவும் தையல்.

உள்ளே புரட்டாமல் வாங்காதீர்கள். சாதாரண ஓவர்லொக் தையலில் இரண்டு துணியின் ஓரமும் சேர்ந்து உள்ளே ஒரு வரம்பாக நிற்கும். தோலுக்கும் மெட்டுக்கும் இடையில் அந்த வரம்பு அகப்பட்டால் அரம் மாதிரி அராவும். ஃப்ளாட்லொக் வேறு. துணியின் ஓரங்கள் தட்டையாகப் படுத்திருக்கும், நாலு ஊசி, ஆறு நூல் ஓடும். விரலால் தடவினால் மேடு தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு தடவுங்கள், கண்ணை ஏமாற்றலாம். கமக்கட்டில் நாலு தையல் ஒரே புள்ளியில் சந்திக்கிறதா, தனியாக ஒரு துண்டு வைத்துத் தைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். துண்டு வைத்தது கையைத் தூக்கும்போது இழுக்காது, சீக்கிரம் பிரியவும் செய்யாது.

துணியில் 80 முதல் 88 வீதம் பொலியெஸ்டரும் மிச்சம் இழுபடுகிற நூலான ஸ்பாண்டெக்ஸும் இருப்பது வழக்கம். நைலோன் கலந்தது தோலுக்கு மெத்தென்று இருக்கும். பருத்தி கூடினது வேண்டாம், வியர்வையைக் குடித்துப் பாரமாகிவிடும். உள்ளங்கையை உள்ளே விட்டு விரித்துப் பாருங்கள். தோல் நிறம் பளிச்சென்று தெரிந்தால் துணி மெல்லிசு. படத்தைச் சுரண்டிப் பாருங்கள். மேலே ரப்பராக ஒட்டினது சில மாதத்தில் வெடித்து உரியும். சப்ளிமேஷன் என்பது சூட்டில் சாயம் ஆவியாகி நூலுக்குள்ளேயே போவது, அது உரியாது.

அளவுக்கு, மார்பை இஞ்சி நாடாவால் கமக்கட்டுக்குக் கீழே, மூச்சை இழுத்துப் பிடிக்காமல் அளந்து பாருங்கள். வழமையாக மீடியம் போடுகிறவன் என்று சொல்லி வாங்க வேண்டாம், ஒவ்வொரு நாட்டு மீடியமும் ஒவ்வொரு அளவு. போட்டுக்கொண்டு இரண்டு கையையும் தூக்குங்கள், குந்துங்கள், முதுகை வளையுங்கள். கீழ் ஓரம் தொப்புளுக்கு மேலே ஏறினால் அது உங்கள் சேட் இல்லை. முழு மூச்சு இழுக்க முடிய வேண்டும். கை விறைத்தாலோ ஊசி குத்தினாலோ சின்னது. அதற்காகத் தொளதொள என்று எடுக்கவும் கூடாது. உவர்மலைத் தம்பியின் கூட்டாளிக்கு நடந்ததைப் பாருங்கள். இறுக்கமாகவே எடுங்கள்.

கழுவுவது: பயிற்சி முடிந்த கையோடு, குளிர்ந்த தண்ணீர், சாதாரண சவர்க்காரம், உள்பக்கத்தை வெளியே புரட்டி. குளோரின் ப்ளீச் போட்டால் ஸ்பாண்டெக்ஸ் செத்துவிடும். மணத்துக்குப் போடுகிற சொஃப்ட்னரும் வேண்டாம், அது நூலில் படிந்து துணி வியர்வையை இழுக்காமல் செய்துவிடும். இஸ்திரி போடக் கூடாது. தகரத்தில் விரிக்கிற பழக்கம் எங்கள் ஊரில் உண்டு, அதை விடுங்கள். நிழல், காற்று. பாலையூற்றுத் தம்பி, மோட்டார் சைக்கிள் பெட்டி வெயிலில் அடுப்பு மாதிரிக் கொதிக்கும். ஈரத்தோடு மூடிக் கிடந்தால் கிருமி வளரும், துணியும் கெடும்.


டச் பே மாஸ்டர்

பிள்ளை, தையல் பற்றி எழுதினது முழுக்கச் சரி. "இறுக்கமாகவே எடுங்கள்" என்றதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கராத்தே சொல்லிக் கொடுக்கிறவன் நான், அதுவும் வெளியில், மணலில்.

மேற்கில் இருந்து கச்சான் காற்று வீசுகிற ஆவணி மாதம், பின்னேரம் நாலு மணி. காற்றே சுடும். ஒரு மாணவன், 16 வயது, தடித்த கராத்தே உடுப்புக்கு உள்ளே கறுப்பு முழுக்கைச் சேட், கால்வரை டைட்ஸ். பார்க்க வடிவாக இருந்தான், நானும் ஒன்றும் சொல்லவில்லை. அரை மணித்தியாலத்தில் எண்ணிக்கை தவறினான். ஐந்துக்குப் பிறகு மூன்று சொன்னான். பக்கத்துப் பிள்ளைகள் சிரித்தார்கள், நானும் கவனமாக எண்ணு என்று அதட்டினேன். அதுதான் என் பிழை. வெக்கையில் ஆள் குழம்புவது ஆபத்தின் அறிகுறி. அடுத்த நிமிசம் முழங்காலில் விழுந்தான். தூக்கினால் உடம்பு கொதிக்கிறது.

நிழலுக்குக் கொண்டுபோனோம், உடுப்பைக் கழற்றப் பார்த்தோம். வியர்வையில் ஒட்டின அந்தச் சேட் கழரவில்லை. கழுத்துக்கு மேலால் இழுக்க, அவன் மூச்சுக்குத் திணறுகிறான். கடைசியில் தேங்காய்க் கடைக்காரரிடம் கத்தி வாங்கி வெட்டினேன். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, விசிறி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிழைத்தான். கத்தியை அவன் நெஞ்சுப் பக்கம் வைத்த அந்த நேரம் என் கை நடுங்கியது. அதற்கு முன்னும் பின்னும் அப்படி நடுங்கியதில்லை.

வியர்வை ஆவியாகிப் போனால்தான் உடம்பு குளிரும். இறுகின துணிக்கு மேலே தடித்த துணியும் போட்டால் அது எங்கே போகும்? மெட்டில், நிழலில், மின்விசிறிக்குக் கீழே முழுக்கை போடுங்கள். வெளியில் என்றால் அரைக்கை, மெல்லிசு, வெளிர் நிறம், ஒருவரே கழற்றக்கூடிய அளவு. வாங்க முதல் போடுகிறதை மட்டும் பார்க்காமல் கழற்றியும் பாருங்கள், வீட்டுக்கு வந்து தலையில் தண்ணீர் ஊற்றி நனைத்துக்கொண்டு இன்னொரு தரம். இந்தச் சேட் தசைக்குப் பலம் தரும் என்று நம்பித் தாய் தகப்பனிடம் காசு கேட்கிற பிள்ளைகளுக்கும் சொல்கிறேன், பலம் பயிற்சியில் வருவது.


தையல் அக்கா, அன்புவழிபுரம்

மாஸ்டர், உங்களை மறுத்துக் கதைக்கவில்லை. மெட்டை நினைத்துத்தான் இறுக்கம் என்று எழுதினேன். நனைத்துக் கழற்றிப் பார்க்கிற விசயம் எனக்குத் தோன்றவே இல்லை. தம்பியை இன்றைக்கே கிணற்றடியில் செய்து பார்க்கச் சொன்னேன். முழங்கையில் மாட்டிக்கொண்டது.


உவர்மலைப் பெடியன்

எல்லாவற்றையும் இரண்டு தரம் வாசித்தேன். உம்மா, அந்தக் கந்தளாய்ப் பிள்ளையை அடுத்த போட்டியில் கட்டாயம் காண்பீர்கள்.

அக்கா, என்னிடம் இருப்பதைப் புரட்டிப் பார்த்தேன். ஒன்று ஃப்ளாட்லொக், மற்றது இல்லை. எனக்குத் தெரிந்த ஒன்றையும் சொல்கிறேன். கி என்கிற தடித்த மேலுடுப்பு இல்லாமல் ஆடுகிற ஜூ-ஜிட்சு போட்டிக்குப் போகிறவர்கள் ஐபிஜேஜேஎஃப் என்கிற சர்வதேச பிரேசிலியன் ஜூ-ஜிட்சு சம்மேளனத்தின் விதியையும் பாருங்கள். கறுப்பு, வெள்ளை அல்லது இரண்டும் கலந்த சேட்டில் உங்கள் பெல்ட் நிறம் குறைந்தது 10 வீதம் இருக்க வேண்டும். அதைப் பாராமல் மண்டை ஓடு படம் போட்டதை வாங்கிக் காசை வீணாக்கின இரண்டு பேரை எனக்குத் தெரியும்.

கூட்டாளிக்கு இதை வாசித்துக் காட்டினேன். மாஸ்டரின் கத்திக் கதையில் நிறுத்தி, திரும்ப வாசிக்கச் சொன்னான். வருகிற புதன் மெட்டுக்கு வருகிறான், விரலில் டேப் சுற்றிக்கொண்டு. அவனுக்கும் ஒரு சேட் எடுத்து வைத்திருக்கிறேன். மார்பு 38 இஞ்சி, அரைக்கை. முதலில் எங்கள் வீட்டுக் கிணற்றடிக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.