கூரைமேல சோலார் ஏத்தினவங்க வாங்க, உங்களை இன்னும் உறுத்துற ஒரு சம்பவம் சொல்லுங்க (மலேசியா, சுங்கை சிப்புட் பக்கம்)

மூலைவீட்டுக்காரன்

நெம் 3.0 (மிஞ்சுற சோலார் கரண்டை லைனுக்குத் திருப்பிக் கொடுத்து பில்லுல கழிச்சுக்கிற அரசாங்கத் திட்டம்) கோட்டா முடியறதுக்குள்ள போட்டுடணும்னு அவசரம். சிங்கிள் ஃபேஸ் வீடு, பத்து பேனல். பில்லு எவ்வளவு குறைஞ்சதுன்னு கேக்காதீங்க, அதைப் பேச வேற இடம் இருக்கு. எனக்கு மனசுல நிக்கிறது ஒரு தட்டு முறுக்கு.

மெயின் கூரையில இடம் பத்தல. மதில் வரைக்கும் நீட்டிக் கட்டின பக்கவாட்டுக் கூரையிலயும் நாலு பேனலை ஏத்தி, பீலிக்கு (கூரை விளிம்புல மழைத்தண்ணி பிடிக்கிற தகர வாய்க்கால்) நேர் மேல வரைக்கும் இழுத்துட்டாரு கண்ட்ராக்டர். "விளிம்புல இடம் விடணும்னு கூரைச் சோலார் கைட்லைன்ல இருக்கே"ன்னு கேட்டேன். "அது அழகுக்குப் போட்டது பாஸ்"னாரு. நானும் விட்டுட்டேன்.

2023 தீபாவளிக்கு நாலு நாள் இருக்கு. சாயங்காலம் நாலு மணி, நம்ம ஊரு மழை தெரியும்ல. ஓட்டுல விழற தண்ணி மேடு பள்ளத்துல தட்டித் தட்டி பீலிக்கு வரும். கண்ணாடியில விழுந்தது சறுக்கிக்கிட்டு வந்து பீலியைத் தாண்டி, மதிலுக்கு அந்தப் பக்கம் போய் விழுந்துச்சு. அங்கதான் பக்கத்து வீட்டு அக்கா போர்ச்சுல பாய் விரிச்சு, வெள்ளைத் துணி மேல முறுக்கு பிழிஞ்சு வச்சிருந்தாங்க.

அக்கா கத்தல. மழை விட்டதும் ஊறிப்போனதை ஒரு தட்டுல அள்ளிட்டு வந்து எங்க கேட்டுத் தூண் மேல வச்சுட்டுப் போயிட்டாங்க. மாவு தூண்ல வழிஞ்சு சொட்டிக்கிட்டே இருந்துச்சு.

கமிட்டியில இருந்தவன்

மூலைவீடு, உங்களுக்கு முறுக்கு. எங்களுக்கு கோபுரம்.

கோயில் மண்டபக் கூரைக்குப் போட்டோம். ஜூன் மாசம் வந்து அளந்தாங்க. மத்தியானம் ஒண்ணேகால் மணி (நம்ம நாட்டுக் கடிகாரத்துக்கு அதுதான் நிஜமான உச்சி), கூரை பூரா பளிச்சுன்னு வெயில். போட்டோ எடுத்து ரிப்போர்ட்ல ஒட்டி, நிழல் இல்லைன்னு எழுதிட்டாங்க. மண்டபத்துக்குத் தெற்கே ஒட்டினாப்புல ராஜகோபுரம் நிக்குது. யாருக்கும் அது தோணல. தெனம் கும்பிடுற எங்களுக்கே தோணல.

ஜூன்ல சூரியன் நமக்கு வடக்கே நிக்கும், கோபுரத்து நிழல் தெற்கே ரோட்டுல விழும். செப்டம்பர் தாண்டினா சூரியன் தெற்கே போயிடும், நிழல் வடக்கே திரும்பும். கூரை மட்டத்துக்கு மேல கோபுரம் இருபது அடி. டிசம்பர்ல உச்சி நேரத்துலயே பத்தடிக்கு மேல நிழல் நீளுது.

பொருளாளர் போன்ல கிராஃபைக் காட்டி "இதென்ன, நடுவுல பல்லு விழுந்த மாதிரி இருக்கு"ன்னாரு. ஏணி போட்டு ஏறினேன். அஞ்சு கலசமும் பேனல் மேல வரிசையா நிழலாப் படுத்திருக்கு, யாரோ கையை விரிச்சு வச்ச மாதிரி. நிழல் விழுந்தது நாலு பேனல்தான், ஆனா பன்னிரண்டையும் ஒரே வரிசையில கோத்து வச்சிருந்தாங்க, மத்ததையும் சேர்த்து இழுத்துடுச்சு. கீழ இருந்து ஒரு பெரியவர், "ஆத்தா நிழல் விழறது பாக்கியம்டா"ங்கிறாரு. பொருளாளர் மூஞ்சியைப் பாக்கணுமே.

வயர்மேன் பெரியப்பா

மூலைவீடு தம்பி, பீலியை அகலமா மாத்திப் போட்டா முடிஞ்ச கதை. அதுக்குப் போய் இவ்வளவு வருத்தப்படணுமா?

என் கதை ரெண்டே வரி. போன வருஷம் ஒரு வீட்டுல பேனலைக் கழட்டினேன், அடியில மைனா கூடு, மூணு முட்டை. வீட்டுக்கார அம்மா குஞ்சு பறக்கிற வரைக்கும் வேலையை நிறுத்தச் சொல்லிட்டாங்க. நல்ல மனசு.

இப்ப எல்லாரும் கேட்டுக்குங்க. ஒண்ணு, செடாவுல (சோலாரைக் கவனிக்கிற அரசாங்க அமைப்பு) பதிவான ஆளா பாத்துப் புடிங்க, வாட்சாப்புல விலை சொல்றவன் வேணாம். பேனலுக்கும் கூரைக்கும் நடுவுல நாலு விரக்கடையாவது இடைவெளி விடணும், காத்து ஓடணும். பேனலோட திறனை 25 டிகிரியில அளந்துதான் அட்டையில எழுதுவான். நம்ம மத்தியானத்துல பேனல் 60 டிகிரி தாண்டும். ஏறுற ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 சதவீதம் குறையும்னு வச்சாலும் பன்னெண்டு சதவீதம் அங்கயே போச்சு. அடியில காத்தும் இல்லைன்னா இன்னும் மோசம். கைட்லைன்ல கூரைச் சாய்வுக்கு ஒட்டி வைன்னு போட்டிருந்தா, ஒட்டின்னா பசை போட்டு ஒட்டுறது இல்லை. இடி ஊரு நம்மளுது, சர்ஜ் அரெஸ்டர் (மின்னல் அதிர்ச்சியைத் தாங்கிக்கிற கருவி) வீட்டு லைன் இருக்கிற ஏசி பக்கம் மட்டும் போட்டுட்டு, பேனல் இருக்கிற டிசி பக்கம் விட்டுடுவானுங்க, பாத்துக்குங்க. கரண்டைத் துண்டிக்கிற ஐசொலேட்டர் சுவிட்சைக் கை எட்டுற இடத்துல வைங்க, பொம்பா (தீயணைப்புக்காரங்க) வந்தா தேடிக்கிட்டு நிக்கக் கூடாது. மெயினை அமத்தினாலும் வெயில் இருக்கிற வரைக்கும் கூரையில இருந்து வர்ற வயர்ல கரண்ட் இருக்கும், பாதிப் பேருக்கு இது தெரியாது. கடைசியா, கண்ணை மூடிக்கிட்டு தெற்கே பாத்து வைங்க, வேற பேச்சே வேணாம்.

எட்டாம் நம்பர் லயத்துப் பொண்ணு

அம்மா இருக்கிறது தோட்டம் மூடினப்ப கொடுத்த பழைய வீடு. கூரை சாம்பல் நிற நெளி ஷீட். தம்பி சோலார் போட்டுக் கொடுக்கிறேன்னு ஆசையா ஏற்பாடு பண்ணினான். நான் ஈப்போவுல வேலை முடிஞ்சு வர்றேன், மூணு பேரு மேல நின்னு டிரில் போட்டுக்கிட்டு இருக்காங்க, அம்மா கீழ நின்னு அண்ணாந்து பாத்துக்கிட்டு அவங்களுக்கு மைலோ கலக்குறாங்க. அம்மா தலை, தோளு, டம்ளர் விளிம்பு, எல்லாம் வெள்ளைத் தூசி. இடியாப்ப மாவு சலிச்ச மாதிரி.

அது ஆஸ்பெஸ்டாஸ். தோட்டத்துல பாதி வீடு அந்த ஷீட்டுதான், எல்லாருக்கும் தெரியும். சும்மா கிடந்தா கிடக்கும், உடைஞ்சாலோ துளை போட்டாலோ தூசி நுரையீரலுக்குள்ள போகும், அதுதான் ஆபத்து. வேலையை அப்பவே நிறுத்தினேன். அந்த மைலோவை அம்மாவும் ஒரு வாய் குடிச்சிருந்தாங்க.

பெரியப்பா, உங்க நீளப் பட்டியல்ல கூரை எதுனால ஆனதுன்னு முதல்ல பாருங்கன்னு ஒரு வார்த்தை இல்லை.

தாமான் சங்கச் செயலாளர்

தெற்கே பாத்தா? பெரியப்பா, அது ஐரோப்பாக்காரனுக்கு எழுதினது. நம்ம ஊரு பூமத்திய ரேகையில இருந்து அஞ்சு டிகிரிகூட இல்லை. சூரியன் பாதி வருஷம் தலைக்கு வடக்கே, பாதி வருஷம் தெற்கே, இப்பத்தானே கோயில்காரர் சொன்னாரு! கிழக்கு மேற்கா சாஞ்ச கூரைன்னாகூட இங்க பெரிய நஷ்டம் இல்லை. பத்து டிகிரி சாய்வு இருந்தா போதும், மழை கழுவி விட்டுடும்.

இதுக்காகத்தான் எங்க தாமான் குடியிருப்புல ஒரு சண்டையே நடந்துச்சு. ரோட்டுல இருந்து தெரியிற பக்கம் வேணாம், பின்கூரையில வைங்கன்னு நான் சொன்னேன். ஒருத்தர் தெற்கு, தெற்குன்னு பிடிவாதமா முன்கூரையிலயே, அதுவும் இரும்புக் கால் வச்சுத் தூக்கி நிறுத்திட்டாரு. ஒரு காத்து மழையில கால் ஆடுற சத்தம் நாலு வீட்டுக்குக் கேட்டுச்சு. ராத்திரி ரெண்டு மணிக்கு அவரு கைலியோட ரோட்டுல நின்னு கூரையைப் பாத்துக்கிட்டு இருந்ததை நான் ஜன்னல் வழியாப் பாத்தேன். போய்ப் பேசியிருக்கலாம். திரையை இழுத்து விட்டுட்டேன்.

வயர்மேன் பெரியப்பா

செயலாளர் சார், நான் சின்ன வயசுல படிச்சது தெற்குன்னுதான். சரி விடுங்க. பொண்ணு, ஷீட்டு விஷயம் நீ சொன்னது சரி, பெரியப்பா மறந்துட்டேன். அம்மா எப்படி இருக்காங்க?

எட்டாம் நம்பர் லயத்துப் பொண்ணு

இருமல் இல்லை. ஆனா இது வருஷம் பல கழிச்சுத்தான் தெரியுமாம்.

செம்பனைக்காட்டு ராஜா

எங்க வீட்டுக்கு அரை மைல்ல செம்பனை எண்ணெய் மில். பாய்லர் புகை இந்தப் பக்கம் அடிச்சா பேனல் மேல கருப்பா எண்ணெய்ப் பிசுக்கு, மழைக்கும் போகாது. எந்த கைட்லைன்லயும் மில்லுக்கு எந்தப் பக்கம்னு போடல. மாசம் ஒருக்கா மாப்பு குச்சியோட ஏறுறேன். அவ்வளவுதான் என் கதை.

மூலைவீட்டுக்காரன்

பெரியப்பா, பீலியை அகலப்படுத்த, பீலிக்கும் மதிலுக்கும் நடுவுல இடம் இல்லை. அதனால கீழ் வரிசையில ரெண்டு பேனலை இறக்கிட்டேன், அறுநூறு வெள்ளி (ரிங்கிட்) கூலி. தண்ணி இப்ப பீலியிலதான் விழுது. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன், "சரி தம்பி"ன்னாங்க. ஆனா போன தீபாவளிக்கும் போர்ச்சுல பாய் விரிக்கல, பின்னாடி சமையக்கட்டுல வச்சுத்தான் பிழிஞ்சாங்க. எண்ணெய் வாசம் மட்டும் இந்தப் பக்கம் வந்துச்சு.