டீக்கடையில் தனி டம்ளர்: நீங்கள் பார்த்தது உண்டா?

தூக்குவாளி:
மதுரைப் பக்கம் எங்கள் ஊர். ஆறாம் வகுப்பு படிக்கும்போது தினமும் தூக்குவாளியில் டீ வாங்கிவருவேன். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கண்ணாடி கிளாஸ். வேலியோரம் நட்ட குச்சிகளில் நாலைந்து அலுமினிய டம்ளர்கள் கவிழ்ந்திருக்கும். ஒருநாள் என் வகுப்புப் பையன் அவன் அப்பாவோடு வந்தான். அவரே போய் டம்ளரை எடுத்து நீட்டினார். கடைக்காரர் கைபடாமல் உயரத்தூக்கி ஊற்றினார். குத்தவைத்துக் குடித்துவிட்டு அவரே கழுவிக் குச்சியில் மாட்டினார். பையன் என்னைப் பார்த்தான். நான் வாளி மூடியை இறுக்கிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் இருவரும் ஒரே பெஞ்ச். புத்தகத்தைத் திறந்தால் 'தீண்டாமை ஒரு பாவச்செயல், பெருங்குற்றம்' என்று முதலில் அதுதான் இருக்கும்.

கோவைவாசி:
நான் அந்த டம்ளரில் குடித்தவன். தாத்தா காலத்தில் சிரட்டையாம். இப்போது பேப்பர் கப், அவ்வளவுதான் முன்னேற்றம். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். பேண்ட் சட்டையைப் பார்த்துக் கடைக்காரர் கிளாஸை எடுத்தார். "யார் வீட்டுப் பிள்ளை தம்பி?" தெருப் பேரைச் சொன்னேன். கிளாஸை வைத்துவிட்டு அடுக்கிலிருந்து ஒரு கப்பை உருவினார். கோபமெல்லாம் இல்லை, சிரித்துக்கொண்டேதான். கடையில் பாத்திரத்தை மறுப்பது 1955 தீண்டாமைக் குற்றங்கள் சட்டப்படியே குற்றம். ஆனால் பேப்பர் கப்பை வைத்து எதை நிரூபிக்க? கேட்டால் 'சுகாதாரம்' என்பார்கள். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்ததை விசாரிக்கப் போனபோதுதான், அந்தப் பக்கத்து டீக்கடையின் இரட்டைக் குவளையும் அதிகாரிகள் கண்ணில் பட்டு வழக்கானது. அதுவரை அங்கே டீ குடித்த யாருக்கும் தெரியாதா என்ன?

மூன்றாவது மாடி:
நான் சென்னை, அபார்ட்மெண்ட். இதெல்லாம் கிராமத்துச் சங்கதி என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அப்புறம் எங்கள் சமையலறை ஜன்னல் ஞாபகம் வந்தது. அங்கே ஓரம் நசுங்கிய எவர்சில்வர் டம்ளர் ஒன்று இருக்கும், வேலைக்கு வரும் அக்காவுக்கு. அவர் என்ன சாதி என்று எங்களுக்குத் தெரியாது, கேட்டதும் இல்லை. டம்ளர் மட்டும் தனி. அம்மாவிடம் கேட்டதற்கு, "அது சுத்தத்துக்குடா" என்றார். இன்று காலையில் எங்கள் டம்ளரிலேயே காபி கொடுத்தேன். அக்கா வாங்கி, ஜன்னல் டம்ளருக்கு மாற்றி ஊற்றிக்கொண்டார்.

"அம்மா வைவாங்க தம்பி."