சுங்கை சிப்புட்டில் 8 ஓம் பேஸ் பெட்டி கிடைக்குமா?

வணக்கம் நண்பர்களே. கோயில் திருவிழா மேடைக்கு ஒரு பேஸ் பெட்டி (பேஸ் கித்தாருக்கான ஸ்பீக்கர் பெட்டி) இரவல் வேண்டும். எங்கள் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) டிரான்சிஸ்டர் வகை, 500 வாட்; பெட்டிகளின் மின்தடை குறைந்தபட்சம் 4 ஓம் இருக்க வேண்டும் என்று பின்னால் போட்டிருக்கிறது. இருப்பது 8 ஓம் பெட்டி ஒன்று. இன்னொன்றில் லேபிள் கிழிந்துவிட்டது. வயரைக் கழற்றி மீட்டர் வைத்தால் 3.3 ஓம் காட்டுகிறது. மீட்டர் லேபிளில் உள்ளதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் காட்டும்; அப்படியென்றால் அது 4 ஓம் பெட்டிதான். 8 ஓம் பெட்டியில் ஏறக்குறைய 6 காட்டும். இரண்டையும் பேரலலில் (பக்க இணைப்பில்) போட்டால் 2.67 ஓம், ஆம்ப் கேட்கும் 4-க்குக் கீழே. கரண்ட் கூடி, அவுட்புட் டிரான்சிஸ்டர் கருகிவிடலாம். "சத்தத்தைக் குறைத்து வாசித்தால் போதும்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள், மேடையில் யாரும் குறைத்து வாசிப்பதில்லை.

ஆகவே இருக்கும் 8 ஓம் பெட்டியோடு சேர்த்தால் சரியாக 4 ஓம் வர, இன்னொரு 8 ஓம், 300 வாட் தாங்கும் பெட்டி வேண்டும். ஸ்பீக்கர் வயரும் இருந்தால் நல்லது. கித்தார் வயர் மெல்லிசு, சூடேறும். கோலகங்சார் வரை வந்து எடுத்துக்கொள்கிறோம்.